சுவரில் தொங்கும் சொல்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய உரைத்தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவிகள் கூட்டத்தில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் சீனி வருத்தம் பற்றியோ மூட்டுவாதம் பற்றியோதான் பேசச் சொல்வார்கள். பேசி முடித்து மேடையால் இறங்கும்போது நாலு பேர் மருந்துத் துண்டுகளோடு காத்து நிற்பார்கள். இம்முறை செயலாளர் எனக்கு எழுதிய கடிதம் வேறு விதமாக இருந்தது. யப்பானில் தொங்குசுருள் செய்யும் வேலையை நான் கொஞ்சம் பழகியிருக்கிறேன் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பாடசாலையின் மகுட வாசகத்தை யப்பானிய எழுத்தில் எழுதுவித்து, பட்டில் பொருத்தி, நூற்றாண்டு நினைவாகப் பிரதான மண்டபத்தில் தொங்கவிட ஒரு சுருள் செய்து தர முடியுமா, அதைப்பற்றி அரை மணி நேரம் பேசவும் முடியுமா என்று கேட்டிருந்தார். பேச ஒத்துக்கொண்டேன். சுருளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த அரை மணி நேரம்.

நான் தீக்காயங்களுக்குச் சிகிச்சை செய்யும் சத்திரசிகிச்சை நிபுணர். 2012 முதல் இரண்டு வருடங்கள் மேற்பயிற்சிக்காகக் கியோட்டோவில் இருந்தேன். ஆஸ்பத்திரியால் நான் நடந்து வரும் ஒழுங்கையில் ஒரு சிறிய பட்டறை இருந்தது. வாசலில் விதம்விதமான தூரிகைகள் காயப் போட்டிருக்கும். உள்ளே எழுபது வயது தாண்டிய ஒருவர் தாழ்வான மேசைக்கு முன்னால் முழந்தாளில் இருந்து ஈரக் கடதாசியைத் தடவிக்கொண்டிருப்பார். மூன்று மாதம் யன்னலால் எட்டிப் பார்த்தேன். நாலாவது மாதம் உள்ளே போனேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். அவரை நான் ‘சென்செய்’ என்று கூப்பிடுவேன். ஆசிரியர், வைத்தியர் இருவருக்கும் யப்பானில் அதே சொல்தான். அவரும் என்னைச் ‘சென்செய்’ என்றே கூப்பிடுவார். வேடிக்கையாக இருக்கும்.

இந்தத் தொங்குசுருளுக்கு யப்பானியர் ‘ககேஜிக்கு’ என்று பெயர் சொல்வார்கள். பௌத்தத்தோடு சீனாவிலிருந்து போன வடிவம். எழுத்தோ ஓவியமோ உள்ள ஒரு தாளை, பின்னால் பல அடுக்குக் கடதாசி ஒட்டிப் பலப்படுத்தி, சுற்றிவரப் பட்டோ பருத்தியோ வைத்து, மேலே ஒரு மெல்லிய சட்டமும் கீழே ஒரு உருளைத் தடியும் பொருத்துவார்கள். தொங்கவிட்டால் சுவர்ச் சித்திரம். சுருட்டினால் ஒரு முழத்துக்குள் அடங்கி மரப்பெட்டிக்குள் போய்விடும். எங்கள் வீடுகளில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆணியடித்தால் அது பேரப்பிள்ளை காலம் வரை அதே இடத்தில் இருக்கும். அங்கே அப்படியில்லை. ‘டொகோநோமா’ என்ற சுவர்மாடத்தில் ஒன்றுதான் தொங்கும். காலத்துக்கு ஏற்றபடி, வரும் விருந்தாளிக்கு ஏற்றபடி அதை மாற்றுவார்கள். தேநீர் விருந்துக்கு வருகிறவர் முதலில் அந்தச் சுருளின் முன் இருந்து தலை வணங்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம் பார்ப்பார். பாய் விரித்த தரையில் இருந்து அண்ணாந்து பார்ப்பதால், எழுத்துக்கு மேலே உள்ள துணிக்கு ‘வானம்’ என்றும் கீழே உள்ளதற்கு ‘பூமி’ என்றும் பெயர் வைத்து, வானத்தைப் பூமியை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளமாக வைப்பார்கள். நின்று பார்த்தால் ஏதோ அளவு பிழைத்தது போலத் தெரியும். இருந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

இனி, ஒருவர் தனக்கென்று ஒரு சுருள் செய்விக்க வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் கேள்வி, என்ன சொல்? இதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரை யப்பானிய எழுத்தில் கேட்பார்கள். அந்நியப் பெயர்களுக்கு ஒலியெழுத்து வரிசை ஒன்று உண்டு, ‘கதகானா’. அதில் எழுதலாம். ஆனால் அந்த மொழியில் ‘ல’வும் இல்லை, ‘ள’வும் இல்லை, ‘ழ’வும் இல்லை. எல்லாம் ஒரே ‘ர’தான். கலா என்றால் கரா. எங்கள் மொழியின் பெயரே அங்கே ‘தமிரு’. மலர்விழி என்ற பெயருக்கு என்ன கதி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இல்லை, அழகான சித்திர எழுத்துகளில்தான் வேண்டும் என்றால், ஒலிக்காக ஏதாவது எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். அப்போது கருத்து எங்கேயோ போய்விடும்.

கருத்துக்காகச் சேர்த்தாலும் ஆபத்து. 2019 இல் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டே ‘ஏழு மோதிரங்கள்’ என்ற தன் பாட்டின் பெயரை யப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் பச்சை குத்திக்கொண்டார். வலி தாங்க முடியாமல் நடுவில் எழுத்துகளை விட்டுவிட்டார்கள். மிஞ்சிய இரண்டு எழுத்துக்கும் யப்பானில் அர்த்தம், மீன் சுடுகிற சின்னக் கரியடுப்பு. ஏழு என்ற எழுத்தும் சரி, வளையம் என்ற எழுத்தும் சரி. சேர்ந்ததும் அடுப்பாகிவிட்டது. அகராதியைப் பார்த்துச் சொல் எடுக்கிற எவருக்கும் இது நடக்கும்.

ஆனால் சரியான இடத்தில் ஒற்றை எழுத்து எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வைத்தியர்களுக்கு அங்கே விருப்பமான எழுத்து ‘ஜின்’. இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் இரண்டு கோடு, அதாவது இரண்டு என்ற எண். இரண்டு பேர் இருக்கும்போது ஒருவர் மற்றவருக்குக் காட்ட வேண்டியது எதுவோ அதுதான் ஜின். அன்பு, இரக்கம், மனிதத்தன்மை எல்லாம் அதற்குள் அடங்கும். 1838 இல் தொடங்கிய ஜுன்டெண்டோ என்ற மருத்துவக் கல்வி நிறுவனத்துக்கு மகுட வாசகமே இந்த ஓரெழுத்துத்தான். இதையே ‘ஹிதோ’ என்றும் வாசிப்பார்கள். பேரரசர்களின் பெயர்களான அகிஹிதோ, நருஹிதோ ஆகியவற்றின் கடைசியில் வருவது இந்த எழுத்து.

இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 12 ஐ ஒட்டி, பொதுமக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த அந்த ஆண்டுக்குரிய எழுத்தை, கியோட்டோவின் கியோமிசு ஆலயத்தில் தலைமைக் குரு ஆளுயரக் கடதாசியில் பெருந்தூரிகையால் எழுதுவார். நாடே பார்த்திருக்கும். 2011 இல் சுனாமி வந்த வருடம் ‘கிசுனா’ என்று எழுதினார்கள். பிணைப்பு என்று பொருள். இந்த வழக்கம் தொடங்கியதே 1995 இல்தான். அந்த வருடம் கோபே நகரை நிலநடுக்கம் அழித்தது. எழுதிய எழுத்து ‘நடுக்கம்’. இதை எனக்கு விளக்கியவர்களிடம் 1995 இல் நாங்கள் எங்கே இருந்தோம் என்று சொல்ல எனக்கு அப்போது யப்பானிய மொழி போதவில்லை. இந்த மண்டபத்தில் சொல்லத் தேவையில்லை.

சொல் முடிவானால் எழுத்துக் கலைஞரிடம் போக வேண்டும். அவர் வேறு, சுருள் செய்பவர் வேறு. எழுத்துக்கு மூன்று நடைகள் முக்கியம். அச்செழுத்துப் போல நிமிர்ந்தது ஒன்று, கொஞ்சம் ஓடுவது ஒன்று, புல் காற்றில் சாய்ந்தது போல் முழுதாய் ஓடுவது ஒன்று. கடைசி நடையைப் படித்த யப்பானியரே பலர் வாசிக்கமாட்டார்கள். கலைஞர் ஒரே சொல்லை ஐம்பது, அறுபது தாளில் எழுதி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார். ஏன் அத்தனை தாள்? ஒரு தரம் போட்ட கோட்டின் மேல் திருப்பிப் போடுவது கூடாது. திருத்துவது என்ற பேச்சே இல்லை. எங்கள் சிங்கள ரீச்சர் அழிறப்பரைப் பறித்து வைத்துக்கொள்வாரே, அந்த மாதிரி.

மை என்பது விளக்குப் புகைக்கரியும் விலங்குத் தோல் பசையும் சேர்ந்த கட்டி. நாரா நகரத்தில் குளிர்காலத்தில்தான் செய்வார்கள், வெயிலில் பசை அழுகிவிடும். கல்லில் நீர் விட்டு அதை உரைக்க வேண்டும். எங்கள் ஏட்டுச் சுவடிகளில் எழுத்தாணிக் கீறலுக்குள் கரி தேய்த்தார்களே, அதே கரிதான். கரி மங்காது. ஆனால் இன்று கடையில் போத்தலில் விற்கும் மைகளில் சில, பின்னால் பசை ஈரம் பட்டதும் கசியும். அதனால் சுருள் செய்பவர் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்பது என்ன மை, எழுதி எத்தனை நாள் என்றுதான். நோயாளி வந்ததும் நாங்கள் முன்கதை கேட்கிற மாதிரி.

இனி என் மனதுக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். எழுதிய தாளை முகம் குப்புற வைத்து, நீர் தெளித்து, தூரிகையால் சுருக்கம் எடுத்து, அதன் முதுகில் ஒட்டும் முதல் கடதாசிக்கு ‘ஹதாஉரா’ என்று பெயர். ‘ஹதா’ என்றால் தோல். தோலின் உட்புறம் என்று சொல்லலாம். அந்தச் சொல்லைக் கேட்ட அன்று நான் பட்டறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அன்று காலை முழுக்க நானும் அதே வேலைதான் செய்துகொண்டிருந்தேன். எரிந்த இடத்தில் தோலொட்டு வைக்கும்போது, அந்த மெல்லிய தோல் முதல் ஓரிரு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிர் பிடிக்கும். பிறகுதான் இரத்தக் குழாய்கள் பொருந்தும். அடியில் இரத்தமோ நீரோ காற்றோ ஒரு கொமுளி அளவு தங்கினாலும் அந்த இடம் செத்துப்போகும். அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவித் தடவி வெளியேற்றுவோம். அந்தக் கிழவரும் அதையேதான் செய்தார், என்னை விட மெதுவாக.

கடதாசி எல்லாம் ‘கோசோ’ என்ற செடியின் பட்டையிலிருந்து வருகிறது. பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் இது ஒரே குடும்பம். நார் நீளம், அதனால் கடதாசி சிலந்தி வலை போல மெல்லியதாக இருந்தாலும் கிழியாது. கையால் செய்யும் இக்கடதாசித் தொழிலை 2014 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முதல் அடுக்குக்கு மினோ என்ற இடத்துக் கடதாசி. இரண்டாம் அடுக்குக்குச் சிப்பித்தூள் கலந்த மிசு. கடைசி அடுக்குக்குக் களிமண் கலந்த உதா. இவை இரண்டும் யொஷினோ மலைப்பக்கத்திலிருந்து வருபவை. கடதாசியைக் கத்தியால் வெட்டமாட்டார்கள். நீரால் ஒரு கோடு இழுத்துக் கையால் பிய்ப்பார்கள். ஓரத்தில் நார்கள் மயிர் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தால்தான் ஒன்றோடொன்று சேருமிடத்தில் மேடு தட்டாது.

பசைதான் எல்லாவற்றுக்கும் மூலம். கோதுமை மா அல்ல, மாவைக் கழுவிப் பிசுபிசுப்பை நீக்கி எடுத்த வெறும் மாப்பொருள். முதல் அடுக்குக்குப் புதிதாகக் காய்ச்சிய பசை. அடுத்த அடுக்குகளுக்குப் ‘ஃபுருநோரி’, அதாவது பழம்பசை. தை மாதத்துக் கடுங்குளிரில் காய்ச்சி, சாடியில் ஊற்றி, நிலத்துக்குக் கீழே குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழப் பத்து வருடம் வைத்திருப்பார்கள். மேலே பூஞ்சணம் படரும். சுரண்டி எடுத்துவிட்டு மூடி வைப்பார்கள். பத்து வருடம் கழித்து அது வெள்ளைத் தயிர்க்கட்டி போல் ஆகி, ஒட்டும் சக்தி வெகுவாகக் குறைந்துபோகும்.

பத்து வருடம் காத்திருந்து ஒரு பசையைப் பலவீனமாக்குகிறார்கள்! எனக்கு முதலில் விளங்கவில்லை. விளக்கம் இரண்டு. பலமான பசை காய்ந்தால் விறைக்கும், விறைத்தது சுருளாது, சுருட்டினால் வெடிக்கும். இது ஒன்று. மற்றது, எந்தச் சுருளும் நூறு, நூற்றைம்பது வருடத்தில் களைத்துப்போகும். அப்போது இன்னொரு கைவினைஞர் அதை ஈரமாக்கி, அடுக்கடுக்காகப் பிரித்து, பழைய கடதாசியை நீக்கிப் புதிதாக ஒட்டுவார். அவர் இன்னும் பிறக்கவில்லை. அவருடைய வேலையை இன்றே இலகுவாக்கி வைக்க வேண்டும். பசைக்குப் பலம் போதாததால், கனத்த தூரிகை ஒன்றால் கடதாசியின் முதுகில் டொக் டொக் என்று அடித்து அடித்து நார்களை ஒன்றோடொன்று கோத்துவிடுவார்கள். ஒழுங்கையில் நான் முதலில் கேட்ட சத்தமே அதுதான். மாவிடிக்கும் சத்தம் என்று நினைத்தேன்.

ஒட்டியபின் ஒரு பலகையில் ஓரங்களை மட்டும் ஒட்டி இழுத்துக் காய விடுவார்கள். புளித்த பனிச்சைக்காய்ச் சாறு பூசியது போல மினுங்கும் பலகை. அங்கே பூசுவது அதே இனத்துக் காக்கிப் பழத்தின் சாறு. எங்கள் மீனவர்கள் வலைக்குப் பனிச்சைக்காய்ச் சாயம் போட்ட காரணமும் இதுவே, நீர் உட்போகாது. அங்கே வாரக்கணக்கில், நல்ல பட்டறையென்றால் மாதக்கணக்கில், ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும் காலநிலையைப் பலகையிலேயே பழக்கிவிடுவார்கள். கடைசியில் முதுகை மெழுகு தடவிக் கண்ணாடி மணிக்கோவையால் உரசி மிருதுவாக்குவார்கள். தடி, கயிறு, குமிழ் எல்லாம் ஒரு நாள் வேலை, அதை விடுகிறேன்.

துணி தெரிவு பற்றி ஒரு வார்த்தை. எழுத்துக்கு நேர் மேலும் கீழும் வரும் ஒடுங்கிய பட்டைக்கு ‘இச்சிமொஞ்சி’ என்று பெயர். ‘ஒன்று என்ற எழுத்து’ என்று பொருள், அந்த எழுத்து ஒரு கிடைக்கோடுதான். மிகச் சிறந்த துணி அதற்குத்தான் போகும். அம்மம்மாவின் கிமோனோ இடுப்புப் பட்டியிலிருந்து வெட்டிக்கொடுத்துச் சுருள் செய்விப்பவர்கள் உண்டு. புத்தர் உருவத்துக்கு ஒரு கட்டமைப்பு, தேநீர் அறைக்கு இன்னொன்று. தேநீர் அறைச் சுருளில் பக்கத்துத் துணி விரல் அகலந்தான், மிக எளிமை. எதற்கு எது என்று தெரியாமல் பளபளப்பாகத் தெரிந்தால் எழுத்து செத்துவிடும். கலியாண வீட்டுக்கு எல்லா நகையையும் போட்டுக்கொண்டு வந்தவரின் முகம் எங்களுக்கு ஞாபகம் இருக்காதே, அப்படி.

இப்போது ஒரு சுருளின் கதை. ரொறன்ரோவில் இருக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தி 2017 இல் தொலைபேசி எடுத்தாள். தாயாரின் ஆண்டுத் திவசம் வருகிறது, யப்பானிய எழுத்தில் ‘அம்மா’ என்று எழுதி ஒரு சுருள் செய்விக்க வேண்டும் என்றாள். அந்த எழுத்து அழகானது. பெண் என்ற எழுத்தோடு இரண்டு புள்ளி, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மார்பு. ஆனால் நான் கேட்டேன், “அம்மாவுக்கு யப்பானிய பாஷை தெரியுமோடி? அம்மா எழுதினது ஏதாவது உன்னட்டக் கிடக்கோ?” தேடிப் பார்க்கிறேன் என்றாள். இரண்டு கிழமையில் ஒரு கடித உறை வந்தது. உள்ளே சீ.ஆர். கொப்பித் தாள் ஒன்று, குமிழ்முனைப் பேனையால் எழுதியது. மிளகாய்த்தூள் இடிக்கும் அளவு. செத்தல் மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு, எதை முதலில் வறுக்க வேண்டும், எதைக் கருகவிடக்கூடாது. பெருஞ்சீரகத்துக்கு ‘ற’ போட்டிருந்தார். தாயார் எட்டாம் வகுப்போடு இந்தப் பாடசாலையை விட்டவர்.

நான் விடுமுறையில் கியோட்டோ போனபோது அதைச் சென்செய்யிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். எது மேல்பக்கம் என்று கேட்டார். “கவிதையா?” என்றார். சரக்குத்தூள் செய்யும் முறை என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தேநீர் அறைகளில் பெரியவர்களின் கடிதங்களைச் சுருளாக்கித் தொங்கவிடும் வழக்கம் பழையது, அவற்றிலும் அனுப்பிய பண்டத்துக்கு நன்றி, நாளைக்கு வரமுடியாது போன்ற சங்கதிதான் இருக்கும், ஆகவே இதற்குத் தேநீர்ச் சுருளின் கட்டமைப்புத்தான் பொருத்தம் என்றார். ஓரத்தில் ஒரு துளி ஈரம் வைத்துப் பார்த்தார். பேனை மை அசையவில்லை, கொப்பியின் நீலக்கோடு கசிந்தது. அதனால் தாளை நனைக்காமல், பசை பூசிய உட்கடதாசியின் ஈரத்தை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஒட்டினார். இச்சிமொஞ்சிக்குத் தாயாரின் கூறைச்சேலைக் கரையில் இரண்டு விரல் அகலம். மீதித் துணி சாம்பல் நிறப் பருத்தி. உருளைக் குமிழ் இரண்டும் கரும்பனை வைரத்தில், இங்கே ஒரு தச்சரிடம் கடைந்து நான் அனுப்பியது. முன்பெல்லாம் குமிழுக்கு யானைத் தந்தம் போடுவார்கள். பனை அதற்குக் குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம்.

அந்த ‘ற’வைத் திருத்தவா என்று தோழி கேட்டாள். வேண்டாம் என்று நானும் சொன்னேன், சென்செய்யும் சொன்னார். அவருக்கு எந்த எழுத்து என்றுகூடத் தெரியாது. திவசக் கிழமையில் அதை எடுத்துத் தொங்கவிடுகிறாள். பிறகு சுருட்டிப் பெட்டியில் வைக்கிறாள். பேத்தி அதை எழுத்துக்கூட்டி வாசித்துத் தூள் வறுத்து, வீட்டில் புகை எச்சரிக்கை மணி அடித்ததாம்.

ஆனால் அந்தக் கடித உறையில் இரண்டாவது தாளும் இருந்தது. அது தாயார் கடைசியாக எழுதிய கடிதம். பழுதாகிவிடக்கூடாது என்று தோழி அதை ஏற்கனவே லமினேற் செய்திருந்தாள். சென்செய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். திரும்ப என்னிடம் தந்துவிட்டார். பிளாஸ்ரிக் உருகித் தாளின் நாருக்குள்ளேயே போய்விட்டது. அதைப் பிரித்தால் எழுத்தும் அதோடு வரும்.

இதனால்தான் இவ்வளவும் சொன்னேன். யப்பானிலேயே இன்று இரண்டு விதச் சுருள் உண்டு. மாப்பசையில் கையால் செய்வது ஒன்று. வெப்பத்தில் உருகும் பிசின் தாளை வைத்து இயந்திரத்தில் அழுத்துவது மற்றது. இரண்டாவது மலிவு, சில நாளில் முடியும், பார்க்கவும் நேராக இருக்கும். திருப்பிப் பிரிப்பது மட்டும் கஷ்டம். அலங்காரத்துக்கு அது போதும், நான் குறை சொல்லவில்லை. திரும்பக் கிடைக்காத ஒரு தாளுக்கு அது ஆகாது. 1930களில் அமெரிக்காவில் வில்லியம் பரோ என்பவர் பழைய ஆவணங்களைப் பிளாஸ்ரிக் தாளுக்குள் வைத்துச் சூடாக அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். பல நாட்டுச் சுவடிகள் கூடங்கள் அதைப் பின்பற்றின. பின்னர் அவற்றைக் கழற்றும் வேலையில் இறங்க வேண்டி வந்தது.

எங்கள் பாடசாலையின் முதல் சேர்விடாப்பு அலுவலக இரும்பு அலுமாரியில் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு அதை உரப் பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர் யார் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அவர் பெயர் சொன்னால் கோபிப்பார். அந்த இடாப்பில் உங்கள் பாட்டிமாரின் பெயர்கள் இருக்கின்றன. ஓரங்கள் உதிர்கின்றன. நூற்றாண்டு நிதியில் அதைப் பக்கம் பக்கமாக லமினேற் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று ஒரு பிரேரணை அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. நல்ல மனதோடு கொண்டுவந்த பிரேரணை. நான் அதை எதிர்த்து வாக்களிப்பேன், உங்களையும் கேட்கிறேன்.

சரி, மாப்பசையால் ஒட்டிவிடலாமா என்றால், அதற்கும் அவசரப்பட வேண்டாம். அந்த இடாப்பு தொட்டெழுதும் பேனையின் கருநீல மையால் எழுதப்பட்டது. அதில் இரும்பு இருக்கிறது. தாளை அரிக்கும், ஈரம் பட்டால் பரவும். ஆகவே என் கையும் அதில் படக்கூடாது. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எண்ணிமப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் நூலகம் நிறுவனத்தார் 2005 இலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். பிறகு கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் ஆலோசனை கேட்க வேண்டும். அதுவரை பிளாஸ்ரிக் உறை வேண்டாம், அமிலமில்லாத கடதாசியில் சுற்றிப் படுக்கையாக வைத்தால் போதும். மாரியில் அலுமாரியைத் திறந்து போடாதீர்கள். மாசி, பங்குனியில் காற்றாட விடுங்கள், வெயிலில் அல்ல. யப்பானியரும் வறண்ட நாள் பார்த்துச் சுருள்களை விரித்துப் பூச்சி போக்குவார்கள். கூறைச்சேலையை மடிப்பு மாற்றி வைக்கிற எங்களுக்கு இது புதிதல்ல.

மண்டபச் சுவருக்கு என்ன செய்வது என்று செயலாளர் கேட்பார். எங்களில் ஒருவருக்கும் வாசிக்க முடியாத எழுத்தில் எங்கள் மகுட வாசகம் வேண்டாம். தமிழில் எழுதுவோம். கரும்பலகையில் நூல் பிடித்தது போல எழுதிய எங்கள் தமிழ் ரீச்சர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். எண்பத்தாறு வயது, கை நடுங்குகிறது என்கிறார். நடுங்கட்டும். தமிழ் கிடையாக ஓடுவதால் சுருளும் அகலமாக வரும். அப்படிப்பட்ட சுருளுக்கும் யப்பானில் இடமுண்டு, ‘யொகோமோனோ’ என்பார்கள். அதை நான் மாப்பசையில் செய்து தருவேன். ஆனால் வருடம் முழுக்கத் தொங்கவிடக்கூடாது. எங்கள் ஈரக்காற்றுக்கும் பூச்சிக்கும் மாப்பசை நல்ல தீனி. பாடசாலை தினத்துக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் எடுத்து, பிறகு சுருட்டி வைக்கும் பொறுப்பை மாணவத் தலைவிகளிடம் விடலாம்.

நாளை காலை ஒன்பது மணிக்குப் பழைய இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் பசை காய்ச்சிக் காட்டுகிறேன். கோசோக் கடதாசி ஒரு கட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். தூரிகை ஆறுதான் இருக்கிறது, முறை வைத்துத்தான் தரலாம். வீட்டில் பழைய கடிதம், கணக்குக் கொப்பி, சாதகக் குறிப்பு ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். ஒட்டுவதற்கல்ல, எதை ஒட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று சேர்ந்து பார்ப்பதற்கு. ரீச்சர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கைவைத்த கதிரை ஒன்று வேண்டும், யாராவது நூலகத்திலிருந்து இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.